பதினொன்றாம் அறை கூப்பிடுகிறது

மதியம் இரண்டே முக்கால் மணிக்குப் பதினொன்றாம் நம்பர் விளக்கு எரிந்தது. விளக்கு எரிவதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அந்த அறையில் ஒன்பது நாளாக ஆள் கிடையாது. கட்டிலில் விரிப்புகூடக் கிடையாது.

மேட்ரனம்மா டீக் கோப்பையை உதட்டிலிருந்து எடுக்காமலே அதைப் பார்த்தாள். அவள் மேசையின் இடது ஓரத்தில், சிலேட்டு அளவில் ஒரு பலகை. அதில் இருபத்துநாலு குட்டிச் சிவப்பு விளக்குகள். விளக்குக்கு ஒரு கட்டில், கட்டிலுக்கு ஒரு கிழம். அப்படித்தான் அவள் சொல்வாள், வெளியாட்கள் இல்லாதபோது. வெளியாட்கள் இருந்தால் "எங்க பெரியவங்க" என்பாள், குரலில் சர்க்கரை கரையும்.

அந்தப் பலகை அங்கே இருந்திருக்கவே கூடாது. ஆம்புலன்ஸ் ஆபீஸ்காரர்கள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நல்ல எண்ணத்தோடுதான் ஒரு ஏற்பாடு செய்தார்கள். முதியோர் இல்லங்களில் யாருக்காவது மூச்சு முட்டினால், அந்தச் சேதி ஆயா காதுக்குப் போய், மேட்ரன் காதுக்குப் போய், அப்புறம் தங்கள் காதுக்கு வருவதற்குள் ஆள் போய்விடுகிறார் என்பது அவர்களுடைய கவலை. அதனால் கட்டிலுக்குக் கட்டில் ஒயரில் தொங்கும் ஒரு சிவப்புப் பட்டன். அமுக்கினால் அமுங்கியபடியே நிற்கும், நேரே அவர்கள் ஆபீஸில் மணி அடிக்கும். எட்டு நிமிஷத்தில் வண்டி. கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஃபைல்: என்ன வியாதி, என்ன மாத்திரை, யாருக்குச் சொல்ல வேண்டும். வந்தவர்கள் கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் பாருங்கள்.

கூடவே மாதத்துக்கு ஒரு பட்டியலும் போட்டார்கள். எந்த இல்லத்திலிருந்து எத்தனை அழைப்பு என்று. எங்கே உதவி அதிகம் தேவை என்று தெரிந்துகொள்ளத்தான். மேட்ரனம்மா அதைப் பரீட்சை முடிவு மாதிரி படித்தாள். குறைவாகக் கூப்பிட்டவன் முதல் ராங்க். முதல் மாதமே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டாள். ஊரே ‘ஷாக்’ என்று கூப்பிடும் ஆள் அவன். மேசைமேல் இந்தப் பலகையும் அடியில் ஒரு சுவிட்சும் முளைத்தன. மேலே தள்ளினால் அழைப்பு ஆம்புலன்ஸ் ஆபீஸுக்கு. கீழே இருந்தால் அவள் பலகையோடு சரி.

சுவிட்ச் எப்போதும் கீழேதான். "கொஞ்சம் பார்ப்போமே" என்பாள். பார்த்ததில் பாதிப் பேருக்கு வாயுப் பிடிப்பு. ஏப்பம் விட்டு எழுந்து உட்கார்ந்தார்கள். அதுதான் அவளுக்குத் தைரியம் கொடுத்தது. எழுந்து உட்காராதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குத் தலை வாரி, சட்டைப் பொத்தானைப் போட்டு, வழக்கமான டாக்டரை வரவழைத்து, தூக்கத்திலேயே அமைதியாகப் போனதாக எழுதி வாங்கிவிடுவாள். இரண்டு வருஷமாகப் பட்டியலில் இந்த இல்லம்தான் கடைசி, அதாவது அவள் கணக்கில் முதல். "இங்க யாருக்கும் ஒண்ணும் ஆகறதில்லையாம்" என்று அப்பா அம்மாவைக் கொண்டுவந்து விட வரிசையில் நின்றார்கள்.

கடைசியாகப் போனவர் பதினொன்றாம் அறை போஸ்ட்மாஸ்டர். காலை பத்து மணி. இடம் பார்க்க இரண்டு குடும்பங்கள் வந்து மேசை முன்னால் உட்கார்ந்திருந்தன. விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. மேட்ரனம்மா சிரித்த முகம் மாறாமல் அன்றைய பேப்பரை எடுத்து விரித்துப் பலகைமேல் போட்டாள். பேப்பருக்கு அடியில் அது முக்கால் மணி நேரம் எரிந்தது. அவள் போய்ப் பார்த்தபோது அவர் கட்டைவிரலைப் பட்டனிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

எல்லாம் சரியாகத்தான் முடிந்திருக்கும், அவருடைய மகள் அழுதிருந்தால். அவள் அழவில்லை.

"அப்பா பட்டனை அமுக்கினாரா?"

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டாரு. குழந்தை மாதிரி."

"அப்போ கட்டைவிரல் நகம் ஏன் பேந்திருக்கு?"

மேட்ரனம்மா போர்வையை இழுத்து அந்தக் கையை மூடினாள். மகள் ஆம்புலன்ஸ் ஆபீஸுக்கு எழுதிப் போட்டாள். அதனால்தான் இன்று நாலு மணிக்கு இரண்டு பேர் வண்டியோடு வருகிறார்கள், இருபத்துநாலு பட்டனையும் அமுக்கிப் பார்க்க. சுவிட்ச் விஷயம் தெரிந்தால் வேலை போவதோடு நிற்காது. போலீஸ் படி ஏறும். அவர்கள் வருவதற்குள் சுவிட்சை மேலே தள்ளிவிட்டால் போதும், ஒரு தும்மல் நேர வேலை.

ஆனால் பதினொன்று எரிகிறது. இப்போது தள்ளினால் ஆளில்லாத அறையிலிருந்து ஆம்புலன்ஸ் ஆபீஸில் மணி அடிக்கும். ஆகவே முதலில் அதை அணைக்க வேண்டும். மேட்ரனம்மா எழுந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டிலிருந்து நாலு வரை அங்கே உறங்கும் நேரம். ஆயா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நடைபாதையில் ஜன்னல் திரைகள் எல்லாம் இழுத்துவிட்டிருந்தன. திரையைத் தாண்டி வந்த வெயில், பழைய காயத்தின் மேல் போட்ட மருந்து மாதிரி மஞ்சளாகத் தரையில் படிந்திருந்தது. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒவ்வொரு விதமான குறட்டை, விசில், முனகல், பல்செட் இல்லாத வாய் காற்றை மெல்லும் சத்தம், அதற்கெல்லாம் நடுவில் அவளுடைய செருப்பின் சப்சப். கட்டடம் முழங்கை போல் வளைந்தது. அந்த வளைவில் பதினொன்று. அதற்கு முந்திய பத்தாம் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது டெலிபோனம்மா. முப்பத்தைந்து வருஷம் எக்ஸ்சேஞ்சில் ஒயர் குத்திய கிழவி. தூங்க மாட்டாள், அடுத்தவர் பேச்சைக் கேட்டுக் கேட்டே அவள் காது இன்னும் கூர்மை.

"என்ன மேட்ரனம்மா, லைன்ல ஆள் இருக்காங்களா?"

"தூங்கப் போங்கம்மா."

"போறேன் போறேன். போஸ்ட்மாஸ்டரும் நானும் பக்கத்துப் பக்கத்து டிபார்ட்மெண்ட். அவரு தபாலும் என் லைனும் போய்ச் சேராம இருந்ததில்ல. இங்க வந்துதான் எல்லாம் பாதில நின்னுபோச்சு."

மேட்ரனம்மா காதில் வாங்காத மாதிரி உள்ளே போனாள்.

பினாயில் வாசனை. வெறும் மெத்தை. ஜன்னலுக்கு நேரே, சின்ன முற்றத்துக்கு அப்பால் கேட். பட்டன் சுவரில் ஆணியில் சுற்றி மாட்டியிருந்தது, போஸ்ட்மாஸ்டர் போனதிலிருந்து எல்லா அறையிலும் ஆயா மாட்டி வைக்கிற மாதிரியே, படுத்திருப்பவர் கை எட்டாத உயரத்தில். பட்டன் உள்ளே அமுங்கியிருந்தது. எலி கிலி ஏறியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அதை எடுத்தாள்.

சூடாக இருந்தது. வெயில் பட்ட சூடு இல்லை. ரொம்ப நேரம் ஒருவர் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து, இப்போதுதான் கொடுத்த மாதிரி.

நகத்தால் நெம்பினாள். டிக். வெளியே வந்தது.

திரும்பி வந்து பார்த்தாள், விளக்கு அணைந்திருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். ஆறிப்போன டீயை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். மேசைக்கு அடியில் கையை நீட்டிச் சுவிட்சைத் தொட்டாள்.

பதினொன்று எரிந்தது.

இரண்டாம் தடவை நடையில் வேகம் இருந்தது. டெலிபோனம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. மேட்ரனம்மா திறந்து விட்டுவந்த பதினொன்றாம் கதவு சாத்தியிருந்தது. காற்று இல்லை, திரைகள் அசையாமல் தொங்கின. கதவைத் தள்ளினாள். பினாயில் வாசனை எங்கே போனதோ, அறை முழுக்கத் தைலம் மணத்தது, போஸ்ட்மாஸ்டர் நெற்றிப்பொட்டில் அப்பிக்கொள்கிற பச்சைத் தைலம், கண்ணைக் கரிக்கிற அளவுக்கு. மெத்தை ஓரத்தில் ஒரு பள்ளம். ஒருவர் நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் விழுமே, அந்தப் பள்ளம். அதற்கு நடுவில் பட்டன், ஆணியிலிருந்து இறங்கி வந்து, அமுங்கி.

அவள் பயந்தாள் என்று சொல்ல முடியாது. எரிச்சல்தான் முதலில் வந்தது. செத்த பிறகும் தொந்தரவு. "போய்ச் சேர்ந்தாச்சுல்ல, இன்னும் என்ன?" என்று வாய்விட்டே சொன்னாள். குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி ஒயரைத் தரையில் வீசினாள்.

சொன்ன சொல் அறையில் கொஞ்ச நேரம் நின்றது. யாரோ அதை எழுதிக்கொள்கிற மாதிரி ஒரு நிசப்தம்.

வெளியே வரும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்தைந்து. இருபது அடி எடுத்து வைத்ததற்கு இவ்வளவு நேரமா?

மேசையில் பதினொன்று எரிந்துகொண்டிருந்தது. கூடவே மூன்று. ஆறு. ஒன்பது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினாலு, பதினேழு, இருபத்திரண்டு.

மூன்றாம் அறைக்கு ஓடிக் கதவைத் திறந்தாள். போன மாதம் வந்த கிழவி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டன் ஆணியில், எட்டாத உயரத்தில், பத்திரமாக. ஆறாம் அறையிலும் அப்படியே. கை இரண்டையும் நெஞ்சின்மேல் கோத்துக்கொண்டு புதுக் கிழவர். யாரும் அமுக்கவில்லை. இவர்கள் அமுக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவர்களுக்கு முன்னால் அந்தக் கட்டில்களில் இருந்தவர்கள். மூன்றில், மகன் வருவான் என்று தினமும் பவுடர் போட்டு உட்கார்ந்திருந்த அம்மா. ஆறில் ஒற்றைக் கால் டிரைவர். ஒன்பதில்… விளக்குகளை எண்ணினாள். ஏழு. அவள் தலை வாரிவிட்டவர்களும் ஏழு பேர்தான்.

ஷாக்குக்குப் போன் போட்டாள்.

"பிளக்கைப் பிடுங்கியும் எரியுதுடா!"

"எரியாதுக்கா. வேற ரூம் பிளக்கைப் பிடுங்கியிருப்பீங்க."

"எனக்குப் பதினொண்ணு எதுன்னு தெரியாதா?"

"அக்கா, ஒயர் நான் போட்டது, சத்தியம். பேய் நான் போடல." சிரித்தான். அவள் சிரிக்காததைக் கவனித்து, "சரி, இன்னொரு வாட்டி போய்ப் பாருங்க. பிளக் வெளிய இருந்தா சொல்லுங்க, நான் வண்டிய எடுத்துட்டு வந்துடறேன்" என்றான்.

போனை மேசையிலேயே போட்டுவிட்டு ஓடினாள். மூன்று ஐம்பது.

நடைபாதையில் குறட்டைச் சத்தம் இல்லை. விசில் இல்லை, முனகல் இல்லை. இருபத்துமூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். அப்படித்தான் இருந்தது. அவளுடைய செருப்பு மட்டும். சப். சப். அதற்குப் பின்னால், கொஞ்சம் தாமதமாக, இன்னொன்று. இழுத்து இழுத்து.

திரும்பிப் பார்க்கவில்லை.

பதினொன்று. கதவு திறந்திருந்தது. பிளக் சுவரில் இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். குனிந்தாள். குனிந்த இடத்தில் நெஞ்சுக்குள் எதுவோ முறுக்கிக்கொண்டது. இடது தோளில் ஏறியது. தாடைக்குப் போனது. பல் எல்லாம் வலித்தது. இதன் பெயர் அவளுக்குத் தெரியும். ஆயாக்களுக்கு அவளே பாடம் எடுத்திருக்கிறாள்: தோள், தாடை, குளிர்ந்த வியர்வை, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. பாடம் நன்றாகத்தான் எடுப்பாள்.

விழுந்தாள். கட்டிலுக்கும் ஜன்னல் சுவருக்கும் நடுவில், அலமாரிக்குப் பின்னால் விழுந்த சாமான் மாதிரி. ஒரு கை உடம்புக்கு அடியில். எழ முடியவில்லை. கத்த வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

ஒயர் கன்னத்தில் உரசியது. இழுத்தாள். பட்டன் கைக்கு வந்தது.

அமுக்கினாள்.

அமுக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. சுவிட்ச் கீழே இருக்கிறது. இது எங்கும் போகாது. தன் மேசைக்குப் போகும். யாரும் இல்லாத மேசைக்கு.

நெம்பினாள். மறுபடி அமுக்கினாள். வேறு என்ன செய்வது?

வளைவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய நாற்காலி கிறீச்சிட்டது. அதில் யாராவது சாய்ந்து உட்கார்ந்தால் வருகிற சத்தம். கோப்பை தட்டில் வைக்கப்பட்டது. பிறகு ஒரு சலசலப்பு. பேப்பர். ஒருவர் பேப்பரை எடுத்து, மடிப்பை உதறி, முழுசாக விரித்து, எதன்மேலோ மெதுவாகப் போடுகிறார்.

முஷ்டியால் தலைமாட்டுச் சுவரைத் தட்டினாள். அந்தப் பக்கம் பத்தாம் அறை. தட்டினாள். தட்டினாள்.

"கேக்குது மேட்ரனம்மா." டெலிபோனம்மா குரல், சுவரை ஒட்டி, காதருகே. கோபமே இல்லாத குரல். "அவரு தட்டினதும் கேட்டுச்சு. ஓடி வந்து சொன்னேன்ல? தூங்கும்மான்னீங்க. தூங்கப் போறேன்."

கட்டில் முனகியது. அவள் படுத்துக்கொண்டாள்.

அப்போது வெளியே வண்டிச் சத்தம். ஜன்னல் வழியாகக் கூரையில் நீல விளக்கு சுழன்றது. நாலு மணி. சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். முப்பது அடி தூரம்! ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன், ஊசி, எல்லாம் முப்பது அடியில். மேட்ரனம்மா வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு ஆம்புலன்ஸைப் பார்த்து அழுதாள்.

கேட்டில் மணியை அழுத்தினார்கள். கேட் தூணில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. மேசையில் இருப்பவர் அதில் பேசலாம். கரகரத்தது.

"வாங்க தம்பி, வாங்க!"

அவளுடைய குரல். அவளுடையதேதான். சர்க்கரை கரைகிற அந்தக் குரல். மேசையிலிருந்து பேசியது.

"மேடம், பட்டன் டெஸ்ட் பண்ண வந்திருக்கோம்."

"அய்யோ, சேதி வரலியா? இன்னிக்குப் பெரிய டாக்டர் வந்துட்டாருப்பா. எல்லாரையும் வரிசையா பாத்துட்டு இருக்காரு. நாளைக்குக் காலைல வாங்களேன். நானே கூட இருந்து காட்டறேன்."

"சும்மா ஒரு அஞ்சு நிமிஷம் மேடம். யாருக்கும் அவசரம் ஒண்ணும் இல்லையே?"

தரையில் கிடந்தவள் வாயைத் திறந்தாள். எச்சில் வழிந்தது. காலால் கட்டிலை உதைக்கப் பார்த்தாள். கால் அசையவில்லை.

ஸ்பீக்கரில் அவள் சிரித்தாள். அன்பான சிரிப்பு. எத்தனையோ குடும்பங்கள் நம்பிய சிரிப்பு.

"இங்கயா? எங்க பெரியவங்களுக்கு என்னப்பா குறை. எல்லாரும் குழந்தை மாதிரி தூங்கறாங்க."

"சரி மேடம். நாளைக்குப் பத்து மணிக்கு வர்றோம்."

நீல விளக்கு கூரையில் ஒரு சுற்றுச் சுற்றியது. சுவரில் இறங்கியது. ஜன்னல் கம்பிகளின் நிழல் அவள்மேல் ஒரு தடவை ஓடி மறைந்தது. வண்டி பின்னால் போய், திரும்பி, போய்விட்டது. தெருவில் அதன் சத்தம் கேட்கிற மட்டும் கேட்டாள்.

பிறகு நடைபாதையில் கதவுகள் திறந்தன. ஒவ்வொன்றாக. தூரத்தில் ஒன்று. அப்புறம் ஒன்று. மேசை நாற்காலி கடைசியாகக் கிறீச்சிட்டது.

தலையைத் திருப்ப முடியவில்லை. கண்ணை மட்டும் திருப்பினாள். கட்டிலுக்கு அடியில், அந்தப் பக்கத்துத் தரை தெரிந்தது.

பாதங்கள் வந்தன.

வீங்கிப் பளபளத்த ஒரு ஜோடி. கால்விரல் இரண்டு இல்லாத ஒரு ஜோடி. பவுடர் சிந்தி வெள்ளையான ஒரு ஜோடி, குதிகால் வெடிப்பிலெல்லாம் வெள்ளை. வந்து, கட்டிலை ஒட்டி நின்று, திரும்பின. மெத்தை அமுங்கியது. அடுத்தது. மறுபடி அமுங்கியது. அவள் எண்ணினாள், எண்ணாமல் இருக்க முடியவில்லை. பதின்மூன்று. ஒற்றைக் கால் டிரைவரும் வந்துவிட்டார்.

தைல வாசனை கனத்தது. பாதங்கள் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவர்களுடையதைப் போல் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. அவள் கைக்குள் பட்டன் டிக் என்றது. டிக். டிக். அது அவள் கைதானா என்பதே தெரியவில்லை.

ஒரு ஜோடி பாதம் தரையைவிட்டு மேலே போனது. இன்னொரு ஜோடி. கடைசியில் அந்த ஒற்றைப் பாதமும். தரை காலியானது. மெத்தை அவள் பக்கமாகச் சரிந்தது. முழங்கைகள் ஊன்றி ஊன்றி நகரும் சத்தம்.

கட்டிலின் விளிம்புக்கு மேலே முகங்கள் வந்தன, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஏழு. அவள் வாரிவிட்ட வகிடு ஒன்றுகூடக் கலையவில்லை. கன்னத்தைக் கையில் தாங்கி, வசதியாகக் குப்புறப் படுத்து, அவளைக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று கொஞ்சம் எட்டி.